அன்றாடத் தட்டில் புரதம்: நம் வீடுகளுக்கு ஒரு பாடம்

 

நம் பள்ளிவாசல்களில் பின் ஸஃப்பில் போடப்படும் நாற்காலிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன. அறுபது வயதைத் தொட்டவர்கள் மட்டுமல்ல, ஐம்பதைத் தாண்டியவர்களும் ஸஜ்தாவிலிருந்து எழுவதற்குச் சுவரைத் தேடுகிறார்கள். மூட்டு தேய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. ஆனால் நாற்காலிக்குப் போனவர்களில் பலருக்குக் கால் எலும்பில் கோளாறு இல்லை, தொடையில் சதை இல்லை என்பதே உண்மை. சதை கரைவது வலிக்காது. அதனால் விழும் வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது. தசையை வளர்க்கவும் காக்கவும் உணவில் எவ்வளவு புரதம் வேண்டும், அது நம் வீட்டுத் தட்டில் இருக்கிறதா, இல்லையென்றால் நம் வருமானத்துக்குள் அதை எப்படிச் சேர்ப்பது என்பதைப் பார்ப்போம்.

உடல் ஓர் அமானிதம்

மனிதனைப் பலவீனத்தில் படைத்து, பிறகு பலத்தைக் கொடுத்து, பலத்துக்குப் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் தானே என்று அல்லாஹ் சொல்கிறான் (30:54). முதுமையின் பலவீனம் வந்தே தீரும். ஆனால் நடுவில் தரப்பட்ட பலம் நம் கையில் இருக்கும் அமானிதம். அதைச் சீக்கிரமே வீணாக்கிவிட்டு விதி என்று சொல்வது சரியாகாது. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரியில் இருக்கிறது. மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தச் சொன்ன பெண், பலமும் நம்பிக்கையும் உள்ளவரே கூலிக்கு அமர்த்தச் சிறந்தவர் என்று தந்தையிடம் சொன்னதையும் குர்ஆன் எடுத்துரைக்கிறது (28:26). தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உடலுழைப்பால் பிழைக்கும் நம் பகுதி மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

புரதம் என்ன செய்கிறது

சோறும் சப்பாத்தியும் அடுப்புக்கு விறகு போல. உடலுக்கு எரிசக்தி தருகின்றன. புரதம் செங்கல் போல, உடலைக் கட்டுகிறது. பருப்பிலோ கறியிலோ உள்ள புரதம் வயிற்றில் செரித்து அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு துண்டுகளாகிறது. இவற்றில் 20 வகை உண்டு. 9 வகைகளை உடலால் உண்டாக்க முடியாது. உணவிலிருந்து மட்டுமே கிடைக்க வேண்டும்.

தசை ஒருமுறை கட்டிவிட்டால் நிற்கும் சுவர் அல்ல. தினமும் அதில் கொஞ்சம் உடைகிறது, கொஞ்சம் கட்டப்படுகிறது. கட்டுவது குறைந்தால் தசை சுருங்குகிறது. மீதமான மாவுச்சத்தை உடல் கொழுப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். புரதத்துக்கு அப்படிக் கிடங்கு கிடையாது. காய்ச்சல் வந்தாலும், பட்டினி கிடந்தாலும், அறுவை சிகிச்சை நடந்தாலும் உடல் தன் தசையைத்தான் உடைத்து எடுத்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை பிரியாணி மீதி ஆறு நாளைக்குப் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

தசை குறைந்தால் பலம் மட்டும் போவதில்லை. சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். தசை மெலிந்து வயிறு பெருத்த உடலில் சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. இந்த நோய் எட்டிப் பார்க்காத தெரு நம் ஊரிலும் இல்லை.

குன்னூரில் கற்ற பாடம்

நம் தட்டைப் பற்றிய ஆராய்ச்சி நம் தமிழ்நாட்டிலேயே நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ஆங்கில அரசு மருத்துவர், பெரிபெரி நோயை ஆராயச் சிறு கூடம் ஒன்றை அமைத்தார். அதுவே வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது கறி என்று சீக்கியர் உணவு தின்ற எலிகள் எல்லாவற்றிலும் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவு தின்ற எலிகள் எல்லாவற்றிலும் மெலிந்து நின்றன. வித்தியாசத்துக்குப் புரதம் மட்டும் காரணமல்ல. வைட்டமின்களும் தாதுக்களும் குறைவு. ஆனாலும் அரிசி நிறைந்து மற்றவை சுருங்கிய தட்டு எப்படி இருக்கும் என்பதை அந்த எலிகள் காட்டிவிட்டன.

அதே நிறுவனத்தில் பணியாற்றி அதன் இயக்குநரானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். 1950களிலும் 60களிலும் உலக அமைப்புகள், ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் புரதமே பஞ்சம் என்று முடிவு செய்து, புரத மாவுகளையும் செறிவூட்டிய பொருள்களையும் தயாரிப்பதில் இறங்கின. கோபாலனும் அவருடன் இருந்தவர்களும் வேறு உண்மையைச் சொன்னார்கள். வயிறு நிறையாத குழந்தைக்குக் கொடுக்கும் புரதத்தை உடல் விறகாக எரித்துவிடும். வீட்டில் உண்ணும் தானியமும் பருப்பும் போதிய அளவு கிடைத்தாலே பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுவார்கள். விலை உயர்ந்த மாவு தேவையில்லை என்றார்கள். பின்னாளில் உலகம் அதை ஒப்புக்கொண்டது.

இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, பட்டினியோடு புரதம் தின்று பயனில்லை. இரண்டாவது, புரதம் டப்பாவில் வர வேண்டியதில்லை. மளிகைக் கடையிலேயே இருக்கிறது. கோபாலன் காலத்துக்கும் நம் காலத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். நம் வீடுகளில் பெரும்பாலும் சோற்றுக்குக் குறைவில்லை. சோற்றின் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதே இன்றைய கேள்வி.

எவ்வளவு வேண்டும்

ஐ.சி.எம்.ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். பால், முட்டை, கறி அதிகம் இல்லாமல் தானியத்தையே நம்பிச் சாப்பிடுபவர்கள் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம் வரை ஆகும்.

இது புரதத்தின் எடை. உணவின் எடை அல்ல. நூறு கிராம் கறி சாப்பிட்டால் நூறு கிராம் புரதம் கிடைத்துவிடாது. வீட்டில் நினைவில் வைக்கத் தோராயமான கணக்கு இது:

• ஒரு முட்டை: 6 கிராம்
• எலும்பில்லாத கோழி, ஆட்டுக்கறி, மாட்டுக்கறி 100 கிராம் (பச்சையாக நிறுத்தது): 20 கிராம்
• மீன் 100 கிராம்: 18 முதல் 20 கிராம்
• துவரம் பருப்பு, பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்): 6 முதல் 7 கிராம்
• வேர்க்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்): 7 கிராம்
• மீல்மேக்கர் உலர்ந்தது 20 கிராம்: 10 கிராம்
• பால் ஒரு டம்ளர் (200 மில்லி): 6 முதல் 7 கிராம்
• தயிர் ஒரு சிறு கிண்ணம் (100 கிராம்): 3 கிராம்
• அரிசி 100 கிராம்: 8 கிராம்
• கோதுமை மாவு 100 கிராம்: 10 கிராம்
• இட்லி ஒன்று: 2 கிராம்

மாட்டுக்கறியும் ஆட்டுக்கறியும் புரதத்தில் ஏறத்தாழச் சமம். விலையில் வித்தியாசம் பெரிது. எல்லோர் வீட்டிலும் எளிதில் வாங்கக்கூடியது முட்டை. ஒரு முட்டையின் விலை கடையில் குடிக்கும் ஒரு டீயின் விலையை விடக் குறைவு.

ஒரு சகோதரியின் ஒரு நாள்

ஷூ கம்பெனிக்கு வேனில் போய்வரும், 55 கிலோ எடையுள்ள ஒரு சகோதரியின் தட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் அவசரமாக மூன்று இட்லி: 6 கிராம். மதியம் டப்பாவில் 150 கிராம் அரிசிச் சோறு: 12 கிராம். தண்ணீராக வைத்த சாம்பாரில் பருப்பு 15 கிராம்தான் இருக்கும்: 3 கிராம். காய்: 2 கிராம். நாள் முழுவதும் குடித்த டீயில் சேர்ந்த பாலும் இரண்டு பிஸ்கட்டும்: 4 கிராம். இரவு 100 கிராம் அரிசிச் சோறும் மிச்சக் குழம்பும்: 8 கிராம். மொத்தம் 35 கிராம்.

அவருக்கு வேண்டியது 46 முதல் 55 கிராம். வயிறு நிறைந்திருக்கிறது, ஆனாலும் 10 முதல் 20 கிராம் வரை குறைகிறது. இப்படியே மாதங்களும் வருடங்களும் போனால், நாற்பத்தைந்து வயதில் படி ஏற மூச்சு வாங்குவதில் ஆச்சரியம் இல்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டாம். காலை இட்லியோடு ஓர் அவித்த முட்டை: 6 கிராம். டப்பாவில் ஒரு கைப்பிடி பருப்பு கூடுதலாகப் போட்டு வைத்த கெட்டிப் பருப்பு: 6 கிராம். மாலை பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை: 7 கிராம். 35 கிராம் 54 கிராம் ஆகிவிட்டது. கொஞ்சம் சோற்றைக் குறைத்துக்கொண்டால் எடையும் கூடாது. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம் பருப்பைத் தவறாமல் வாங்கினாலே கணக்கில் பாதி சரியாகிவிடும்.

சோறும் பருப்பும் சேர்ந்தால்

பருப்பில் புரதம் இருக்கிறது, ஆனால் கறியைப் போல முழுமையானது அல்ல என்று சொல்வார்கள். பாதி உண்மை. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. லைசின் நமக்கு எவ்வளவு தேவை என்பதைப் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் அனுரா குர்பாடும் அவர் குழுவினரும் இந்தியர்களிடமே அளந்தார்கள். முன்பு உலக அமைப்புகள் வைத்திருந்த அளவை விடத் தேவை அதிகம் என்று தெரிந்தது. 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையும் கூட்டிய அளவையே ஏற்றது.

இதிலிருந்து அடுப்படிக்கு வரும் செய்தி எளிது. அரிசிக்குப் பருப்பு துணையாக இருந்தால் போதாது. அளவாகவும் இருக்க வேண்டும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது நல்ல கணக்கு. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் தால்ச்சாவை வாரநாளிலும் வையுங்கள். கால் கிலோ எலும்புக்கறி, நிறையப் பருப்பு, கொஞ்சம் கத்தரிக்காய் போதும். வீட்டில் எல்லோருக்கும் வரும்.

கறித்துண்டு யாருடைய தட்டில்

வீட்டுக்குள் கறி வந்தாலும் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறதா என்பது இன்னொரு கேள்வி. ஆண்களும் ஆண் பிள்ளைகளும் முதலில் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடிச்சட்டியில் மீந்த குஸ்காவும் குழம்பும்தான் பல வீடுகளில் தாய்க்கும் மருமகளுக்கும். அவர்கள் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாரிடம் நடந்துகொண்ட முறையைப் பயான்களில் கேட்கும் நாம், நம் ஸஹனில் அதைக் காட்ட வேண்டும்.

கர்ப்பிணிக்கு நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்குச் சுமார் 9 கிராமும், ஏழாம் மாதம் முதல் சுமார் 22 கிராமும் கூடுதலாகத் தேவை. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் சுமார் 17 கிராம் கூடுதல். எனவே நிறைமாத மருமகளின் தட்டில்தான் முதல் முட்டை விழ வேண்டும். மாமியார்மார்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் இது.

பிள்ளைகள் விஷயத்தில் அரசின் உதவியை விட்டுவிடாதீர்கள். 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவில் 1989-இல் முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு. பள்ளிச் சாப்பாடு கௌரவக் குறைவு என்று நினைத்துப் பிள்ளையிடம் லெமன் சாதம் கட்டிக்கொடுப்பவர்கள், அந்த முட்டையையாவது சாப்பிடச் சொல்லுங்கள்.

முதியோருக்கு அதிகம், குறைவாக அல்ல

"வயசாயிடுச்சு, எனக்கு எதுக்குமா கறி, கொஞ்சம் கஞ்சி போதும்" என்று பெரியவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். பிள்ளைகளும் அதைப் பணிவாக ஏற்றுக்கொண்டு, காலையில் டீயும் பன்னும், இரவில் ரவைக் கஞ்சியும் கொடுக்கிறார்கள். மருத்துவம் சொல்வது வேறு. நாற்பது வயதுக்குப் பின் தசை மெல்லக் கரைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. இதற்கு 1989-இல் சார்க்கோபீனியா என்று பெயர் வைத்தார்கள். வயதான தசை, சாப்பிட்ட புரதத்துக்கு இளைஞர் தசையைப் போல உடனே இணங்குவதில்லை. அதனால் 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன.

படுக்கை எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயில்லாத முதியோரைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நம் வீட்டுப் பெரியவர் காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தபின் பாத்ரூமில் வழுக்கி விழுவதன் பின்னணி இதுதான். இடுப்பெலும்பு முறிந்தபின் ஆகும் செலவையும் அலைச்சலையும் ஆஸ்பத்திரிக்கு நடந்தவர்கள் அறிவார்கள்.

பல் இல்லாதவருக்கு மென்மையாகக் கொடுக்கலாம். கைமா, முள்ளெடுத்த மீன், குழைய வேகவைத்த பாசிப்பருப்புக் கஞ்சி, முட்டைப் பொடிமாஸ், தயிர் எல்லாம் அவர்களுக்கு ஏற்றவை. மூன்று வேளையும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

இங்கே ஆட்டுக்கால் பாயாவையும் சூப்பையும் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளிக்குப் பலம் என்று நம்பி அவற்றையே கொடுக்கிறோம். சூடாக இதமாக இருக்கும், பசியைத் தூண்டும், குடிக்கலாம். ஆனால் காலிலிருந்து இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின். அவசியமான ஒன்பது அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபேன் அதில் அறவே இல்லை. தசை கட்ட அது மட்டும் உதவாது. கறியை வேகவைத்துச் சாற்றை மட்டும் கொடுத்தாலும் புரதம் சட்டியில் கறியோடுதான் தங்கிவிடுகிறது. சூப்போடு கறியையும் மசித்துக் கொடுங்கள்.

ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளுக்கு

பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினை விட அல்லாஹ்வுக்குப் பிரியமானவர், இருவரிலும் நன்மை உண்டு என்ற கருத்துள்ள ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களைப் பார்த்து நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மாதச் சம்பளத்தில் பெரிய பங்கைப் பவுடர் டப்பாவில் போடுவதைப் பார்க்கும்போது கவலை வருகிறது.

எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை போதும். அதற்கு மேல் தின்பதால் தசை கூடுதலாக வளர்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. 60 கிலோ இளைஞருக்கு 72 முதல் 96 கிராம். மூன்று முட்டையில் 18, கோழியோ மாட்டுக்கறியோ 100 கிராமில் 20, இரண்டு டம்ளர் பாலில் 13, ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையில் 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, சோறு சப்பாத்தியில் 22. மொத்தம் 86 கிராம். டப்பா தேவைப்படவில்லை.

2024-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். உணவு வழிகாட்டியும் தசை வளர்க்கப் புரதப் பவுடர்களைத் தவிர்க்கவே சொல்கிறது. அவற்றில் சர்க்கரையும் செயற்கை இனிப்பும் வாசனைப் பொருளும் சேர்க்கப்படலாம் என்று எச்சரிக்கிறது. சில தயாரிப்புகளில் கலக்கும் பொருள்கள் ஹலாலா என்பதையும் பார்க்க வேண்டும். யாராவது ஊசியோ மாத்திரையோ போட்டால் சீக்கிரம் உடம்பு ஏறும் என்று சொன்னால், தம்பிகளே, அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த மருந்துகள் இதயத்தையும் கல்லீரலையும் கெடுப்பவை. பிள்ளைப் பேற்றையும் பாதிப்பவை.

இன்னொன்று, புரதம் தின்றால் மட்டும் தசை வளராது. தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். இது எல்லா வயதினருக்கும் பொருந்தும். முதியவர் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரலாம். காலையிலும் மாலையிலும் செய்தால் போதும். முடிந்தவர்கள் நின்று தொழுது, தரையில் ஸஜ்தா செய்து எழுவதை விட்டுவிடாதீர்கள். வணக்கத்தின் நோக்கம் உடற்பயிற்சி அல்ல. ஆனால் விட்ட பழக்கம் திரும்ப வருவது கடினம்.

ரமலானிலும் குர்பானியிலும்

நம் நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கைமாவும் சேர்ந்தது. பருப்பையும் கைமாவையும் கூட்டிப் போட்டால் ஒரு கிண்ணத்திலேயே ஒரு வேளைப் புரதம் கிடைக்கும். குறை எங்கே என்றால் ஸஹரில். தூக்கக் கலக்கத்தில் தயிர்சோறும் ஊறுகாயும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறோம். அதனோடு இரண்டு முட்டையோ, இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலையோ, மீதி வைத்த கறியோ இருந்தால் பகலில் பசியும் தாங்கும், தசையும் கரையாது. இஃப்தாரில் சமோசாவும் பஜ்ஜியும் வயிற்றை அடைத்துவிட்டால் பிறகு சாப்பாடு இறங்காது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு என்று நபிவழி சொல்கிறது (திர்மிதி). அந்தப் பங்கைப் பயனுள்ளதால் நிரப்புவோம்.

குர்பானிக் கறி வந்த வாரத்தில் மூன்று வேளையும் கறி, அடுத்த மாதம் முழுவதும் ரசம் என்று இராமல், ஃபிரிட்ஜ் உள்ளவர்கள் ஆளுக்கு 75 கிராம் கணக்கில் சிறு பொட்டலங்களாகப் பிரித்து உறையவைத்து, பருப்போடு சேர்த்துச் சமைக்கலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு கிலோ கொடுப்பதை விட, உறவினர்கள் பேசிக்கொண்டு நாள் மாற்றிக் கொடுத்தால் அந்த வீட்டுக்குப் பல நாள் பயன்.

கவனிக்க வேண்டியவர்கள்

சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துப் புரதத்தைக் கூட்டக் கூடாது. அவர்களுக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் வருடம் ஒருமுறையாவது இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துக்கொள்வது அவசியம். இதய நோயுள்ளவர்கள் கொழுப்புக் கறியைத் தவிர்த்து மீன், தோல் நீக்கிய கோழி, பருப்பு என்று போகலாம். கருவாட்டில் புரதம் நிறைய இருந்தாலும் உப்பும் நிறைய. இரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது. நினைக்காமலே எடை குறைந்துகொண்டு போனால் அது உணவு விஷயம் மட்டுமல்ல. காசநோயா, சர்க்கரையா என்று உடனே பரிசோதிக்க வேண்டும்.

வரும் ரமலான் பை

நம் அறக்கட்டளையின் ரமலான் பையைப் பற்றி நிர்வாகக் குழுவில் பேசினோம். பெரிய அரிசி மூட்டை கொடுத்தால்தான் கொடுத்தது போல இருக்கும் என்று நன்கொடையாளர்களில் சிலர் கருதுகிறார்கள். அவர்களுடைய நிய்யத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் பை வாங்கும் பெரும்பாலான வீடுகளில் ரேஷன் அரிசி இருக்கிறது. இல்லாதது பருப்பும் முட்டையும்தான். எனவே இன்ஷா அல்லாஹ், வரும் ரமலான் முதல் பையில் அரிசியைப் பாதியாக்கி, அந்தத் தொகைக்குத் துவரம் பருப்பும் பாசிப்பருப்பும் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் வைக்க முடிவாகியிருக்கிறது. தனித்து வாழும் விதவைகளுக்கும் முதியோருக்கும் மாதம் ஓர் அட்டை முட்டை, அதாவது 30 முட்டை, பொறுப்பேற்றுக் கொடுக்க விரும்புபவர்கள் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பெறுபவர் பெயர் வெளியே சொல்லப்படாது. ஒருவருக்கு நாளுக்கு ஒரு முட்டை பார்வைக்குச் சிறிய ஸதகா. அது ஒரு பெரியவரை இன்னும் சில வருடம் தன் காலில் நடந்து பள்ளிக்கு வர வைக்குமானால், கொடுத்தவருக்கு அதன் நன்மை தொடரும்.

இந்த வாரமே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே உள்ள பட்டியலை அடுப்படிச் சுவரில் ஒட்டிவையுங்கள். தாயின் தட்டில், பாட்டியின் தட்டில், பள்ளி செல்லும் மகளின் தட்டில் எத்தனை கிராம் வருகிறது என்று கூட்டிப் பாருங்கள். குறைந்தால் ஒரு முட்டை, ஒரு கைப்பிடி பருப்பு, ஒரு கைப்பிடி கடலை. அதிலிருந்து தொடங்கலாம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கையும், அவனை நின்று வணங்கும் பலத்தையும், பிறருக்குச் சுமையாகாத முதுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்